தண்ணீர் வராமலே ஓடும் மோட்டார்

காலை வெயில் ஏறும் நேரத்தில் சோலார் பம்ப்செட் பக்கம் போய் நின்று பாருங்கள். மோட்டார் ஓடுவதாகக் கன்ட்ரோலர் திரை காட்டும். குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. பழுது எதுவுமில்லை. 2019-இல் பிஎம்-குசும் திட்டம் வந்தபின் நம் தோட்டங்களில் பெருகியிருக்கும் இந்தப் பம்ப்செட்டுகளின் சாமர்த்தியமே அதில்தான் இருக்கிறது.

கரண்ட்டில் ஓடும் மோட்டாருக்கு ஒரே வேகம். சோலாரில் அப்படியில்லை. பேனல் தரும் நேர்திசை மின்சாரத்தைக் கன்ட்ரோலர் மாறுதிசை மின்சாரமாக்கி, அதன் அலைவெண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை முறை அலை எழுகிறது என்பதை, வெயிலுக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைக்கிறது. உச்சிவெயிலில் 50 ஹெர்ட்ஸ். மேகம் மறைத்தால் அலைவெண் இறங்கும், மோட்டாரும் மெதுவாகும், நின்றுபோகாது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே பம்புக்குத் தேவையான மின்திறன் பாதியாகிவிடும் என்பது இதற்குக் கைகொடுக்கிறது.

ஆனால் பாதி வேகத்தில் அழுத்தம் கால்வாசிதான். முழு வேகத்தில் அதிகபட்சம் 200 அடிக்குத் தண்ணீரை ஏற்றும் பம்பு, அப்போது 50 அடிதான் ஏற்றும். கிணற்றில் தண்ணீர் 100 அடி ஆழத்தில் இருந்தால், 35 ஹெர்ட்ஸைத் தாண்டிய பிறகுதான் மேலே வரும். காலையில் பார்த்த புதிருக்கு விடை இதுதான்.

மேலே தொட்டி நிரம்பியதை மிதவை சுவிட்ச் சொல்கிறது. பிளாஸ்டிக் கூடு, உள்ளே ஒரு உலோகக் குண்டு, ஆட்டினால் கடகடக்கும். தண்ணீர் ஏற ஏற மிதவை சாயும். குண்டு உருண்டுபோய் உள்ளிருக்கும் சின்ன சுவிட்சை அழுத்தும். கட்டிய இடத்துக்கும் மிதவைக்கும் நடுவே விட்டிருக்கும் வயரின் நீளத்தைப் பாருங்கள். மோட்டார் நிற்கும் மட்டத்துக்கும் மறுபடி கிளம்பும் மட்டத்துக்கும் உள்ள இடைவெளியை அதுதான் தீர்மானிக்கிறது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் சிற்றலை அடிக்கும்போதெல்லாம் மோட்டார் நின்று நின்று ஓடும்.

கிணறு வற்றினால்? உள்ளே உணர்கருவி எதுவுமே தேவையில்லை. தூக்கத் தண்ணீர் இல்லாதபோது மோட்டார் இழுக்கும் மின்சாரம் சட்டென்று குறையும். அதைக் கண்டதும் கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்தும்; டைமர் எண்ணத் தொடங்கும். ஊற்று ஊறுவதற்கு அரை மணி நேரம் விட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கும். மணி பார்த்து ஓட்டும் டைமரைவிட, காத்திருக்கும் இந்த டைமர்தான் சோலாருக்குப் பொருத்தம்.

பேனலை இணைக்கும் சுவிட்சில் மட்டும் கவனம் வேண்டும். வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், சுவிட்சை அணைக்கும்போது எழும் பொறி தானே அவிந்துவிடும். பேனல் மின்சாரம் பூஜ்யத்தைத் தொடுவதேயில்லை. பல நூறு வோல்ட்டில் அந்தப் பொறி நீண்டு எரியும். அதனால் அங்கே வீட்டு சுவிட்சைப் போடாதீர்கள்; டி.சி. ஐசொலேட்டர் என்று கேட்டு வாங்குங்கள்.