நத்தை ஓடும் நாரையின் அலகும்

கிழக்கிலங்கையின் ஒலுவில் என்றதும் 2013இல் திறந்த துறைமுகமும், அதன் வாயை அடைக்கும் மணலும், கரையை அரிக்கும் கடலும்தான் பேச்சில் வரும். துறைமுகக் கல்லணையிலிருந்து மேற்கே திரும்பி உள்ளே போனால் கல்லோயாத் தண்ணீர் பாயும் வயல் வட்டைகள். பெரும்போகத்துக்கு உழவு தொடங்கியதும் கொக்குகளோடு சேர்ந்து ஒரு பெரிய பறவையும் அங்கே இறங்கும். சாம்பல் வெள்ளை உடல், கறுத்த இறக்கை விளிம்பு, மூடினாலும் நடுவில் பொருந்தாத அலகு. இதுதான் நத்தைகுத்தி நாரை.

வயல் நத்தையைத் தின்பது இலேசில்லை. ஆபத்தென்றால் உடம்பை உள்ளே இழுத்து, தன் மூடியால் வாயை இறுக்கி அடைத்துக்கொள்ளும். நாரை தன் அலகின் இடைவெளியில் ஓட்டை வைத்து, பாக்குவெட்டிபோல நொறுக்குகிறது என்றே உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லிகூட முடிவுசெய்தார். அது பிழை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. குஞ்சின் அலகில் இடைவெளியே கிடையாது. வயது ஏறத்தான் உண்டாகிறது. இடைவெளி இல்லாத இளம் பறவையும் நத்தை பிடித்துத் தின்னும்.

சிறிய நத்தையை நாரை முழுதாக விழுங்கும், அல்லது நசுக்கும். பெரியதென்றால் வேலை நுணுக்கமானது. மேலலகால் ஓட்டை அமுக்கிப் பிடித்து, கீழலகின் கூர்நுனியை ஓட்டின் வாய்க்குள் செலுத்தி, சதையை உருவி எடுத்துவிடும். தலை பெரும்பாலும் தண்ணீருக்குள் இருப்பதால் இதைக் கண்ணால் பார்ப்பது கடினம். கண்ணைக் கட்டிவிட்டாலும் இப்பறவை நத்தையைப் பிடித்துவிடும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே பறவையியலாளர் ஜெர்டன் எழுதினார். தொடுகையே போதுமாக இருக்கிறது.

கீழலகின் நுனி இந்நாரைகள் பலவற்றில் வலப்பக்கம் சற்றே முறுக்கியிருக்கும். வயல் நத்தையைக் கூர்நுனி மேலேயும் வாய் நம்மை நோக்கியும் இருக்கப் பிடித்தால் அந்த வாயும் வலப்பக்கம்தான் வரும். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்றே எனக்குத் தோன்றுகிறது. காரணம், ஜப்பானின் தென்மேற்குத் தீவுகளான இரியோமோத்தே, இஷிகாக்கிக் காடுகளில் வாழும் நத்தை தின்னும் பாம்பு. அதன் கீழ்த்தாடையில் இடப்பக்கம் சராசரியாக 18 பல், வலப்பக்கம் 25. தாடைகளை ஓட்டுக்குள் நுழைத்து, மாறிமாறி இழுத்து, சதையை வெளியே எடுக்கும். வாய் இடப்பக்கம் உள்ள நத்தையிடம் அந்தப் பாம்பு அடிக்கடி தோற்றுப்போகிறது என்று 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நத்தை ஓடு சுழலும் திசைக்கேற்பத் தின்பவரின் உடலே கோணியிருக்கிறது!

அந்தப் பாம்பு இலங்கையில் இல்லை. நாரை இருக்கிறது. வரம்போரம் வெறுமையாகக் கிடக்கும் பெரிய ஓடுகளை எடுத்து, உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். உடையாமல் வெறுமையாக இருந்தால் அது நாரையின் வேலையாக இருக்கலாம். வயலில் அடித்து நத்தையில் ஏறும் மருந்து, அதைத் தின்னும் நாரைக்கும் ஏறும். வயற்காரர்களே, நாரை இறங்கி நிற்கும் நாட்களில் மருந்தடிப்பதைத் தள்ளிப்போடுங்கள்.