துப்பாக்கி கைக்கு வர எத்தனை நாள்? அமெரிக்காவின் 'காத்திருப்பு' கணக்கு

2015 ஜூன் 3. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு பெண்ணை அவருடைய முன்னாள் காதலர் வீட்டு முன்பாகவே குத்திக் கொன்றார். நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் கேமரா என்று தன்னால் முடிந்ததையெல்லாம் அந்தப் பெண் செய்திருந்தார். கைத்துப்பாக்கி வாங்க அனுமதி கேட்டு ஏப்ரலிலேயே விண்ணப்பமும் போட்டிருந்தார். 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது அந்த மாநிலச் சட்டம். 40 நாள் தாண்டியும் அனுமதி வரவில்லை.

சரியாக இரண்டு வாரம் கழித்து, ஜூன் 17. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், தேவாலயத்தில் பைபிள் வகுப்புக்கு வந்திருந்த 9 கறுப்பினத்தவரை 21 வயது வெள்ளையின இளைஞன் சுட்டுக் கொன்றான். அவன் கையில் இருந்தது கள்ளத் துப்பாக்கி இல்லை. படிவம் நிரப்பி, கடையில் காசு கொடுத்து வாங்கியது. அவனைப் பற்றிய சோதனை முடிவதற்கு முன்பே அது அவன் கைக்கு வந்துவிட்டது.

அமெரிக்காவில் துப்பாக்கி விவாதம் கிளம்பும்போதெல்லாம், 'காக்க வைக்காதீர்கள்' என்பவர்கள் முதல் சம்பவத்தைச் சொல்வார்கள். 'காக்க வையுங்கள்' என்பவர்கள் இரண்டாவதைச் சொல்வார்கள். உண்மையில் 'காத்திருப்பு' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேறு விஷயங்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, ஆவணங்களைச் சரிபார்க்க ஆகும் நேரம். இன்னொன்று, வாங்குபவரின் மனசு ஆறட்டும் என்று சட்டமே வேண்டுமென்று வைக்கும் நேரம்.

கடைக்குள் என்ன நடக்கிறது?

உரிமம் பெற்ற கடையில் அடையாள அட்டையைக் காட்டி, 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். கடைக்காரர் அந்த விவரங்களை எஃப்பிஐ நடத்தும் 'நிக்ஸ்' என்ற தேசியச் சோதனை அமைப்புக்கு அனுப்புவார். சில மாநிலங்களில் மாநில போலீஸே இந்த வேலையைச் செய்கிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடத்தில் பதில் வந்துவிடும்: 'விற்கலாம்' அல்லது 'விற்கக் கூடாது'.

சிக்கல் மூன்றாவது பதிலில்தான்: 'தாமதம்'. குற்றப் பின்னணி உள்ள யாரோ ஒருவருக்கும் உங்களுக்கும் ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி என்றால் இது வரலாம். ஏதோ ஒரு பழைய வழக்கின் முடிவை உள்ளூர் நீதிமன்றம் கணினியில் ஏற்றாமல் விட்டிருந்தாலும் வரலாம். எந்தத் தப்பும் செய்யாமல், பெயர் பொருத்தத்தால் மட்டும் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்துத் தனி எண் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள வழி உண்டு.

'தாமதம்' என்று வந்தபின் எஃப்பிஐ-க்குக் கிடைப்பது 3 வேலை நாள். அதற்குள் பதில் வரவில்லை என்றால் கடைக்காரர் விற்கலாம். விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வால்மார்ட் போன்ற நிறுவனம் 'விற்கலாம்' என்ற பதில் வராமல் எந்தத் துப்பாக்கியையும் கொடுப்பதில்லை. ஆனால், அது அவர்கள் சொந்த விதி. மற்றபடி முடிவு கல்லாவில் நிற்பவர் கையில்.

சார்ல்ஸ்டனில் நடந்தது இதுதான். 21 வயது நிறைந்த சில நாட்களிலேயே, ஏப்ரல் 11-ம் தேதி, அந்த இளைஞன் கடைக்குப் போனான். பதில்: தாமதம். சில வாரங்களுக்கு முன்பு போதைப்பொருள் விவகாரத்தில் அவன் கைதாகியிருந்தான். பொருள் தன்னிடம் இருந்ததை அவன் ஒப்புக்கொண்டது போலீஸ் அறிக்கையில் இருந்தது. அந்தத் தாள் கண்ணில் பட்டிருந்தால் விற்பனை நின்றிருக்கும். கைது செய்தது எந்த போலீஸ் என்ற விவரம் பதிவேட்டில் தவறாக இருந்ததால், எஃப்பிஐ ஊழியர் வேறு அலுவலகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். 3 நாள் ஓடிவிட்டது. ஏப்ரல் 16-ம் தேதி துப்பாக்கி கைமாறியது. அந்த விற்பனை நடந்திருக்கவே கூடாது என்று ஜூலையில் எஃப்பிஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமி வெளிப்படையாகச் சொன்னார். 2021-ல் பாதிக்கப்பட்டவர்களுக்கும் குடும்பங்களுக்கும் 8.8 கோடி டாலர் தர அரசு ஒப்புக்கொண்டது.

3 நாளை 10 நாளாக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 2019-லும் 2021-லும் நிறைவேறியது. செனட்டைத் தாண்டவில்லை.

ஆத்திரம் அடங்கட்டும்

இனி இரண்டாவது வகை. 1981-ல் அதிபர் ரீகனைக் கொல்ல நடந்த முயற்சியில் அவருடைய செய்திச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி தலையில் குண்டு பாய்ந்து, வாழ்நாள் முழுக்கப் பாதிக்கப்பட்டார். அவர் பெயரில் 1993-ல் வந்த சட்டம், கைத்துப்பாக்கி வாங்க 5 வேலை நாள் காத்திருக்கச் சொன்னது. அந்த விதி தற்காலிகம்தான். 1998 நவம்பரில் உடனடிக் கணினிச் சோதனை வந்ததும் காத்திருப்பு காலாவதியானது. சோதனை வேகமானதும், மனசு ஆறுவதற்கான நேரமும் சேர்ந்தே போய்விட்டது! இன்று நாடு முழுமைக்குமான காத்திருப்புக் காலம் என்று எதுவும் இல்லை.

மாநிலங்கள் தங்கள் பாட்டுக்கு வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 10 நாள். சோதனையில் முதல் நாளே தேறினாலும், வீட்டில் ஏற்கெனவே துப்பாக்கி இருந்தாலும் காத்திருக்க வேண்டும். ஃப்ளோரிடாவில் கைத்துப்பாக்கிக்கு 3 நாள் காத்திருப்பை மக்களே 1990-ல் வாக்களித்து மாநில அரசியல் சாசனத்தில் சேர்த்தார்கள்.

'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்பது நமக்குத் தெரிந்ததுதான். அதை அளந்து பார்க்க முடியுமா? ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1970 முதல் 2014 வரையிலான தரவுகளை எடுத்து 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காத்திருப்புச் சட்டம் உள்ள இடங்களில் துப்பாக்கிக் கொலைகள் சுமார் 17 சதவீதம் குறைந்திருந்தன. தற்கொலைகளும் குறைந்திருந்தன. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறப்பவர்கள் என்பதால், இந்த இரண்டாவது விஷயம் தலைப்புச் செய்தியாக வராவிட்டாலும் முக்கியமானது.

அப்படியென்றால் நியூஜெர்சி பெண்ணுக்கு என்ன பதில்? அவரைக் காக்க வைத்தது இந்த 'மனசு ஆறும்' நேரம் இல்லை. அலுவலகம் தனக்குச் சட்டம் வைத்த கெடுவைத் தாண்டியது. சார்ல்ஸ்டனிலும் கோளாறு அலுவலகத்தில்தான். கெடு தாண்டினால் யார் பக்கம் தீர்ப்பு சாயும் என்பதில்தான் வித்தியாசம்: அங்கே விண்ணப்பித்தவர் வெறுங்கையோடு நின்றார், இங்கே வாங்கியவன் துப்பாக்கியோடு போனான். உயிருக்கு அச்சுறுத்தல் இருப்பவர் விண்ணப்பத்தை வரிசையில் முன்னுக்குக் கொண்டுவருவதையும், 3 நாளை நீட்டுவதையும் ஒரே சட்டத்தில் எழுத முடியும். எதிரெதிர் முகாம்கள் இவற்றைப் பங்கு போட்டுக்கொண்டதால் பேச்சு நகரவில்லை.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஒரு தகவல்: ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குக் காத்திருப்பு என்ற பேச்சே இல்லை. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம்.

விஷயம் இப்போது நீதிமன்றங்களில் நிற்கிறது. ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருப்பவர் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்டு கலிஃபோர்னியாவின் 10 நாளை எதிர்த்துப் போன வழக்கை 2018-ல் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கவில்லை. 2022-ல் அதே நீதிமன்றம், துப்பாக்கிச் சட்டங்களை நாட்டின் வரலாற்று மரபோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றது. அதன்பின் காற்று திசை மாறியது. நியூமெக்சிகோ 2024-ல் கொண்டுவந்த 7 நாள் காத்திருப்பு அரசியல் சாசனத்துக்கு முரணாக இருக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்ற அமர்வு சொன்னது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை.