அடிச்சுரமும் சில எண்களும்
1700-இல் ரோமில் வெளியான, இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லியின் வயலின் சொனாட்டாக்களில் இரண்டே வரிகள்தான்: மேலே வயலின், கீழே அடிச்சுரம். விசைப்பலகைக் கருவியான ஹார்ப்சிகார்டில் துணை வாசிக்கும் கலைஞரின் வலது கைக்கு ஒரு சுரம்கூட எழுதப்படவில்லை. அடிச்சுரத்தை ஒட்டிச் சில எண்கள் மட்டும் இருக்கும். 'ஃபிகர்டு பாஸ்' எனப்படும் இந்த முறையில், அடிச்சுரத்தை ஒன்றாகக் கொண்டு மேலே எண்ண வேண்டும். எண்ணே இல்லையென்றால் மூன்றாவதும் ஐந்தாவதும் சேரும். 6 என்றால் மூன்றாவதும் ஆறாவதும். சி மேஜரில் 'இ' சுரத்துக்கு 6 இட்டால் ஜியும் சியும் ஒலிக்கும். 'ஜி' சுரத்தில் 4, 3 என அடுத்தடுத்து வந்தால், சி முதலில் உரசி நின்று பிறகு பி-க்கு இறங்கும். அந்தத் தவிப்பையும் தணிவையும் இரண்டு எண்களே சொல்லிவிடுவது வியப்பானது.

இது வெறும் காகிதச் சிக்கனம் என்பார்கள். சிக்கனமும் உண்டுதான். ஆனால் துணைக் கருவி ஆர்கனானால் விரல் எடுக்கும்வரை ஒலி நிற்கும். ஹார்ப்சிகார்டானால் சீக்கிரம் மங்கிவிடும். இரண்டுக்கும் ஒரே சுரவரிசையை எழுதிவைத்தால் ஏதாவது ஒன்று கெடும். அப்படியானால் கலைஞர் மனம்போல வாசிக்கலாமா? முடியாது, எந்தச் சுரங்கள் சேர வேண்டும் என்பதை எண்கள் கட்டிவைக்கின்றன, அவற்றை எப்படி அடுக்குவது என்பதே அவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பைக் கற்பிக்கவே இசையமைப்பாளர் சி.பி.இ. பாஹ் 1762-இல் விசைப்பலகை வாசிப்பு பற்றிய தன் நூலின் இரண்டாம் பாகத்தில் விரிவாக எழுதினார். ஆனால் அவருடைய தந்தை ஜே.எஸ். பாஹ், வயலினும் ஹார்ப்சிகார்டும் சேரும் ஆறு சொனாட்டாக்களில் வலது கைக்குப் பெரும்பாலும் முழுமையாகவே சுரங்களை எழுதினார். அங்கே அந்தக் கை வயலினுக்கு இணையான தனிக்குரல்.