ஒரு நகரம், ஓர் ஆர்வலர், ஓர் இணையதளம்

பிலிப்பைன்ஸில் நகர நிர்வாகம் தன் தளத்தில் அறிவிப்புகளை வெளியிடுகிறது. நாளிதழ் அன்றைய செய்தியைத் தருகிறது. பயண நிறுவனம் அறைகளையும் சீட்டுகளையும் விற்கிறது. சந்தைக்கு எந்த ஜீப்னி சிற்றுந்தில் ஏற வேண்டும், திருவிழா நாளில் எந்தத் தெரு அடைபடும், பழைய கடைவீதியின் கட்டடங்களைக் கட்டியவர்கள் யார் என்பதையெல்லாம் இந்த மூன்றிலும் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். அந்த இடத்தை நிரப்புவது, ஊர்ப்பற்று உள்ள ஒருவரோ சிலரோ ஓய்வு நேரத்தில் நடத்தும் நகர இணையதளம். அதற்குப் பெரிய முதலீடு வேண்டாம்; ஊரைத் தெருத்தெருவாக அறிந்திருக்க வேண்டும், அறிந்ததைச் சரிபார்த்து எழுத வேண்டும். அத்தகைய தளத்தை எப்படி அமைப்பது, வாசகர்களை எப்படிச் சேர்ப்பது என்பதை விளக்கப் பனாய் தீவிலுள்ள இலோயிலோ நகரம் நல்ல எடுத்துக்காட்டு.

எல்லையை வரையறுத்தல்

முதலில், எதைப் பற்றிய தளம் என்பதை முடிவு செய்ய வேண்டும். இலோயிலோ என்பது ஒரு நகரத்தின் பெயர். அதே பெயரில் ஒரு மாகாணமும் உண்டு. நகரம் மாகாண நிர்வாகத்துக்குக் கட்டுப்படாமல் தனித்து இயங்குகிறது. 2020 கணக்கெடுப்பின்படி நகரத்தில் 4,57,626 பேர் வசித்தார்கள். ஆனால் ஊரைத் தேடி வருபவர்கள் பார்க்க விரும்பும் இடங்கள் பலவும் நகர எல்லைக்கு வெளியே இருக்கின்றன. 1797இல் கட்டி முடிக்கப்பட்டு, 1993இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மியாகாவ் தேவாலயம் சுமார் நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 2007இல் திறக்கப்பட்ட விமான நிலையம்கூட நகருக்கு வெளியேதான் இருக்கிறது. மாம்பழத்துக்குப் பெயர்போன கிமாராஸ் தீவுக்குப் படகில் போக வேண்டும்.

எல்லாவற்றையும் எழுதப் புகுந்தால் ஒன்றும் ஆழமாக வராது. நகரத்தின் பழைய பகுதிகளான மையப் பகுதி, ஹாரோ, லா பாஸ், மோலோ, மண்டுரியாவ், அரேவாலோ ஆகியவற்றை முழுமையாக எழுதிவிட்டு, வெளியூர் இடங்களை ‘நகரத்திலிருந்து எப்படிப் போவது’ என்ற அளவில் மட்டும் சேர்ப்பது ஒரு தனிநபர் தாங்கக்கூடிய வரம்பு. சிறிய வரம்புக்குள் நிறைவாக எழுதும் தளத்தைத் தேடுபொறியும் வாசகரும் அந்தப் பொருளுக்குரிய தளமாகவே ஏற்கிறார்கள்.

மூன்று வகை வாசகர்கள்

நகர இணையதளத்துக்கு மூன்று வகை வாசகர்கள் உண்டு. உள்ளூர்வாசிக்கு அன்றாடத் தகவல் வேண்டும்: போக்குவரத்து மாற்றம், அலுவலக நடைமுறை, புதிதாகத் திறந்த உணவகம். 2022இல் இலோயிலோவின் ஜீப்னி வழித்தடங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது, பல ஆண்டுகளாக ஒரே வண்டியில் போய்வந்தவர்கள்கூட எங்கே மாறி ஏறுவது என்று கேட்க வேண்டியிருந்தது. இத்தகைய நேரத்தில் தெளிவான ஒரு வரைபடமும் பத்து வரி விளக்கமும் தளத்துக்கு நிலையான வாசகர்களைப் பெற்றுத் தரும்.

இரண்டாவது வகையினர், பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்கள். கடல்சார் கல்வி நிறுவனங்கள் உள்ள இலோயிலோவிலிருந்து ஏராளமானோர் கப்பல் பணிக்குச் செல்கிறார்கள். வளைகுடா நாடுகளிலும் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்வோரும் உண்டு. 2013இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த முதல் படத்துக்கான விருதை வென்ற சிங்கப்பூர்ப் படத்தின் பெயரே ‘இலோ இலோ’. ஒரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கும் அங்கே வீட்டுவேலைக்கு வந்த பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கும் இடையிலான உறவைச் சொல்வது அது. இப்படி ஊரைவிட்டுப் போனவர்கள் தேடுவது பயணக் குறிப்பை அல்ல. தாம் படித்த பள்ளி இருந்த தெரு இன்று எப்படி இருக்கிறது, சந்தை எப்படி மாறியது, ஆற்றங்கரை எப்படிச் சீரானது என்பதையே தேடுகிறார்கள். தம் நண்பர்களுக்குப் பக்கங்களை ஆர்வத்தோடு அனுப்புபவர்களும் இவர்கள்தான்.

மூன்றாவது வகையினர் பயணிகள். ஒருமுறை வந்து, தேவையானதைப் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். எண்ணிக்கையில் இவர்கள் மிகுதியாக இருக்கலாம். ஆனால் திரும்பத் திரும்ப வந்து தளத்தைத் தாங்குபவர்கள் முதல் இரு வகையினரே. ஒவ்வொரு கட்டுரையும் இம்மூவரில் யாருக்கானது என்று தீர்மானித்து எழுதினால் பக்கம் தெளிவாக அமையும்.

எழுதும் மொழி

பிலிப்பைன்ஸின் ஆட்சிமொழிகள் பிலிப்பினோவும் ஆங்கிலமும். இலோயிலோ மக்கள் வீட்டில் பேசுவது ஹிலிகாய்னோன். அதை இலோங்கோ என்றும் அழைக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் மூன்று வகை வாசகர்களையும் எட்ட முடியும் என்பதால் பெரும்பாலான நகரத் தளங்கள் ஆங்கிலத்தையே தேர்கின்றன. ஆனால் உணவு, மீன், துணி, சடங்கு ஆகியவற்றின் உள்ளூர்ப் பெயர்களைக் கைவிடக் கூடாது. மக்கள் தேடுபொறியில் தட்டுவது அந்தப் பெயர்களைத்தான்.

புயல்களின் பெயர்கள் இதற்கு நல்ல சான்று. பிலிப்பைன்ஸ் வானிலை அமைப்பான பகாசா, தன் கண்காணிப்பு எல்லைக்குள் வரும் புயல்களுக்குத் தனிப் பெயர் சூட்டுகிறது. 2008 ஜூன் 21 அன்று இலோயிலோவைப் பெருவெள்ளத்தில் ஆழ்த்திய புயலை உலகம் ‘ஃபெங்ஷென்’ என்று அறியும். ஊர் மக்களுக்கு அது ‘ஃபிராங்க்’. இரண்டு பெயர்களையும் ஒரே பக்கத்தில் தராத கட்டுரை வாசகர்களில் ஒரு பாதியை இழந்துவிடும். ஹிலிகாய்னோனில் முழுக் கட்டுரைகளைச் சேர்ப்பது வாசகர் எண்ணிக்கையை உடனே உயர்த்தாது. ஆனால் இணையத்தில் குறைவாக எழுதப்படும் ஒரு மொழிக்கு அது செய்யும் தொண்டு பெரியது.

எதை எழுதுவது

நகரத் தளத்தின் வலிமை, நேரில் போய்ப் பார்த்து எழுதுவதில் இருக்கிறது. லா பாஸ் சந்தையில் பிறந்த பாச்சோய் என்ற நூடுல்ஸ் சூப்பைப் பற்றி எண்ணற்ற பக்கங்கள் உள்ளன. பன்றியின் உள்ளுறுப்பு இறைச்சி, பொரித்து நொறுக்கிய பன்றித்தோல், உருண்டை நூடுல்ஸ், கொதிக்கும் எலும்புச் சாறு என்று பட்டியலிட்டு அவை நின்றுவிடுகின்றன. சந்தைக்குள் கடை எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திறக்கும், இன்று என்ன விலை, பன்றி இறைச்சி உண்ணாதவருக்கு வேறு என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லும் பக்கம்தான் வாசகருக்கு உதவும். மோலோ பகுதியின் பன்சித் மோலோ இன்னொரு எடுத்துக்காட்டு. ‘பன்சித்’ என்றாலே நூடுல்ஸை எதிர்பார்க்கும் பயணிக்கு, இங்கே கிண்ணத்தில் வருவது இறைச்சி பொதிந்த மாவுருண்டைகள் மிதக்கும் சூப் என்பதையும், மோலோ ஒருகாலத்தில் சீனர் குடியிருப்பாக இருந்ததே அதற்குக் காரணம் என்பதையும் சேர்த்துச் சொன்னால், உணவுக் குறிப்பு ஊர் வரலாறாகவும் ஆகிவிடுகிறது. 2023இல் யுனெஸ்கோ இந்நகரை உணவுக்கலைப் படைப்பூக்க நகரமாக அறிவித்த பிறகு இத்தகைய கட்டுரைகளுக்குத் தேவை கூடியிருக்கிறது.

வரலாறும் அப்படியே. இலோயிலோ துறைமுகம் 1855இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் துணைத் தூதராக வந்த நிக்கலஸ் லோனி சர்க்கரைத் தொழிலை ஊக்குவித்தார். அவர் வழியாக வந்த மலிவான பிரிட்டிஷ் துணிகள் உள்ளூர்க் கைத்தறியைச் சரித்தன. சர்க்கரைப் பணம் ஹாரோவிலும் மோலோவிலும் மாளிகைகளாக எழுந்தது. இந்தக் காரண காரியத்தை அறிந்த வாசகருக்கு, துறைமுகக் கரை இன்றும் லோனியின் பெயரைத் தாங்குவதும், ஊர் முழுக்கப் பழைய மாளிகைகள் நிற்பதும் ஒரே கதையின் பகுதிகளாகத் தெரியும். ஹாரோவில் மணிக்கோபுரம் தேவாலயத்தோடு ஒட்டாமல் சாலைக்கு அப்பால் தனியே நிற்கிறது. 1948 ஜனவரி நிலநடுக்கம் அதைச் சிதைத்ததையும், பின்னர் அது சீரமைக்கப்பட்டதையும் பழைய படத்தோடு காட்டினால் அந்தப் பக்கம் பல ஆண்டுகள் படிக்கப்படும்.

திருவிழா நாள்காட்டி

ஜனவரி நான்காம் ஞாயிறன்று நடக்கும் டினாக்யாங், இலோயிலோவின் பெருவிழா. செபு நகரிலிருந்து குழந்தை இயேசு சிலையின் பிரதி ஒன்று 1968இல் இங்கே கொண்டுவரப்பட்டதிலிருந்து வளர்ந்தது அது. பிப்ரவரி 2 அன்று ஹாரோவில் மெழுகுவர்த்தி அன்னையின் விழா. அதை ஒட்டிய வாரங்களில் இலோயிலோவுக்கும் கிமாராஸுக்கும் இடையிலான நீரிணையில் பாய்மரப் படகுப் போட்டி. இந்த மூன்றும் அடுத்தடுத்து வருவதால் ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் நகரத்தைப் பற்றிய தேடல் உச்சத்துக்குப் போகும்.

அதற்கு முன்பே, அக்டோபர், நவம்பரில், விழாப் பக்கங்கள் தயாராகிவிட வேண்டும். தேடுபொறி ஒரு பக்கத்தைக் கண்டெடுத்து மதிப்பிட வாரங்கள் ஆகலாம். ஒவ்வோர் ஆண்டும் புதுப் பக்கம் தொடங்குவதைவிட, ஆண்டைக் குறிப்பிடாத ஒரே முகவரியை வைத்துக்கொண்டு தேதி, ஊர்வலப் பாதை, அடைபடும் சாலைகள், நுழைவுச் சீட்டு விவரம் ஆகியவற்றைப் புதுப்பிப்பதே நல்லது. பழைய ஆண்டுகளில் பிற தளங்கள் கொடுத்த இணைப்புகளின் பலன் அப்போதுதான் அந்தப் பக்கத்திலேயே சேரும்.

சொந்த முகவரி

1990களின் ஆர்வலர் தளங்களில் பல, ஜியோசிட்டீஸ் போன்ற இலவசச் சேவைகளில் இருந்தன. யாகூ அதை 2009இல் மூடியபோது அவற்றில் பெரும்பகுதி மறைந்தது. பிலிப்பைன்ஸில் வெகுவாகப் புழங்கிய ஃபிரெண்ட்ஸ்டர் என்ற சமூக வலைத்தளம் 2011இல் பயனர்களின் படங்களையும் பதிவுகளையும் நீக்கியது. மல்டிப்ளை என்ற இன்னொரு சமூக வலைத்தளம் 2013இல் மூடப்பட்டது. இன்று பிலிப்பைன்ஸில் மக்கள் கூடும் இடம் பேஸ்புக். தளத்துக்கு ஒரு பேஸ்புக் பக்கம் கட்டாயம் வேண்டும். ஆனால் முழுக் கட்டுரையும் படமும் சொந்த டொமைன் பெயரில், நகலெடுத்துச் சேமிக்கக்கூடிய வடிவில் இருக்க வேண்டும். வேர்ட்பிரஸ் போன்ற கட்டற்ற மென்பொருள் இதற்குப் போதும். டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் ஆகும் ஆண்டுச் செலவு ஒரு தனிநபர் ஏற்கக்கூடியதே.

பக்கங்கள் எடை குறைந்திருப்பது மிக முக்கியம். பிலிப்பைன்ஸ் வாசகர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில், பணம் கட்டி வாங்கிய அளவான டேட்டாவில் படிக்கிறார்கள். நடுக்கடலில் இருக்கும் மாலுமியின் இணைப்பு அதைவிட மெதுவானது. படங்களைச் சுருக்கி ஏற்றுவது, தானாக ஓடும் வீடியோவைத் தவிர்ப்பது, முதல் பத்தியிலேயே விடையைச் சொல்வது ஆகியவை இவர்களுக்குச் செய்யும் மரியாதை. கூகுளும் பக்கத்தின் கைப்பேசி வடிவத்தை வைத்தே தரவரிசை தருகிறது.

வாசகர்களைச் சேர்த்தல்

கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவி, எந்தெந்தச் சொற்களைத் தட்டி மக்கள் தளத்துக்கு வருகிறார்கள் என்று காட்டும். அதில் பல முறை தென்பட்டும் தளத்தில் சரியான விடை இல்லாத கேள்விகள்தான் அடுத்து எழுத வேண்டிய கட்டுரைகள். தலைப்பு, வாசகர் கேட்கும் வடிவிலேயே அமைய வேண்டும்: ‘விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு எப்படிப் போவது’ என்பது ‘இனிய பயணம் தொடங்குகிறது’ என்பதைவிட ஆயிரம் மடங்கு பயன் தரும். பாச்சோய் பக்கத்திலிருந்து லா பாஸ் சந்தைக்கும், அங்கிருந்து ஜீப்னி வழித்தடத்துக்கும் உள்ளிணைப்பு கொடுத்தால் வந்தவர் மேலும் சில பக்கங்களைப் படிப்பார்.

தேடுபொறி மட்டுமே வாசல் அல்ல. வெளிநாடுகளிலுள்ள இலோங்கோ சங்கங்கள், பள்ளி முன்னாள் மாணவர் குழுக்கள், உள்ளூர் வரலாற்று ஆசிரியர்கள் ஆகியோருடன் உறவு வளர்ப்பது மெதுவான வேலை, ஆனால் நிலைக்கும். மாதம் ஒருமுறை செல்லும் மின்னஞ்சல் செய்திமடல், பேஸ்புக்கின் விதி மாறினாலும் வாசகரைக் கைவிடாது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் தெருக்களைத் திருத்துவதும், விக்கிமீடியா காமன்ஸில் சில படங்களைத் தருவதும் நகரத்துக்கும் தளத்துக்கும் சேர்ந்தே நன்மை செய்யும். எண்ணிக்கைக்காகப் பரபரப்பான வதந்தியைப் பகிர்வது மட்டும் கூடாது. புயல் நாளில் தவறான ஓர் எச்சரிக்கை, பல ஆண்டு நம்பிக்கையை அழித்துவிடும்.

சட்டமும் பணமும்

பிறர் எடுத்த படத்தை அனுமதியின்றிப் போடுவது, 1997இல் இயற்றப்பட்ட அறிவுசார் சொத்துச் சட்டத் தொகுப்புக்கு எதிரானது. 2012ஆம் ஆண்டின் தரவுத் தனியுரிமைச் சட்டம், செய்திமடலுக்காகச் சேர்க்கும் பெயருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கும் பாதுகாப்பைக் கோருகிறது. அதே ஆண்டின் இணையக் குற்றத் தடுப்புச் சட்டம் இணைய அவதூறைக் குற்றமாக்குகிறது. ஆகவே உணவகத்தைக் குறைசொல்லும்போது பார்த்ததையும் கொடுத்த விலையையும் தேதியோடு எழுதி, அதற்குமேல் போகாமல் நிற்பது பாதுகாப்பு, நேர்மையும் அதுவே.

விளம்பரத்தால் சிறிய நகரத் தளத்துக்குக் கிடைக்கும் வருவாய் செலவை ஈடுசெய்தாலே பெரிது. உணவகமோ விடுதியோ பணமோ இலவசமோ தந்திருந்தால், அதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பணத்துக்காக எழுதியது எது, பார்த்து எழுதியது எது என்று வாசகருக்குத் தெரியாமல் போனால் தளத்தின் ஒரே மூலதனம் போய்விடும்.

பராமரிப்பு

பழைய தகவல் தவறான தகவலுக்குச் சமம். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாகச் சரிபார்த்த மாதத்தைக் குறிப்பிட வேண்டும்; கட்டணம், நேரம், வழித்தடம் உள்ள பக்கங்களை ஆண்டுக்கு இருமுறையாவது பார்க்க வேண்டும். 2012இல் திறக்கப்பட்ட ஆற்றங்கரை நடைபாதை பின்னர் பல கிலோமீட்டர் நீண்டிருப்பதைப் போல, நகரம் மாறிக்கொண்டே இருக்கிறது. நீக்கும் முன் பழைய விலைகளையும் படங்களையும் தனியே சேமித்தால் அதுவே வரலாற்று ஆவணமாகும்.

தனிநபர் தளங்களில் பல, அந்த நபரின் வேலையோ உடல்நிலையோ மாறும்போது நின்றுபோகின்றன. டொமைன் கட்டணம் தவறினால் பல ஆண்டு உழைப்பும் மறைந்துவிடும். அதனால் கடவுச்சொற்களை நம்பகமான இன்னொருவரிடம் ஒப்படைப்பதும், முழுத் தளத்தின் நகலை வேறோரிடத்தில் வைப்பதும், முக்கியப் பக்கங்களை இன்டர்நெட் ஆர்க்கைவில் பதிவு செய்வதும் தளம் தொடங்கிய முதல் ஆண்டிலேயே செய்துமுடிக்க வேண்டிய வேலைகள்.