குடுமியை எடுத்துவிட்டு கப்பல் ஏறிய குமாஸ்தா!

சென்னை துறைமுகம். 1914-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி. "நெவாசா" கப்பலில் ஏறினார், கணித மேதை ராமானுஜன். வயது 26. அதே துறைமுக ஆபீசில் 30 ரூபாய் சம்பளத்துக்கு கணக்கு எழுதியவர். எப்.ஏ. பரீட்சையில் பெயில். ஆனால் போவதோ கேம்பிரிட்ஜில் படிக்க!

கடல் தாண்டினால் சாதியை விட்டுத் தள்ளிவைத்துவிடுவார்களே! தாயார் முதலில் சம்மதிக்கவில்லை. மனசு மாறிய பிறகும் ஒரு சங்கடம். தாயாரையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் குடுமியை எடுத்தார். அவர்கள் கண்ணில் அது படக்கூடாதாம்!

நாலு வாரக் கடல் பயணம். ஏப்ரல் 14-ந் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தார். 1916-ல் பட்டம் வாங்கினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார்.

1919-ல் நோயாளியாக ஊர் திரும்பினார். மறு வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி சென்னையிலேயே உயிர் பிரிந்தது. அப்போது வயது 32தான்.