மணற்காட்டில் மணல் நிற்கும் விதம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகிழக்கு விளிம்பில், பருத்தித்துறையிலிருந்து வல்லிபுரம் வழியாகத் தெற்கே இறங்கும் கரையில் மணற்காடு என்ற மீனவக் கிராமம் இருக்கிறது. ஊரைச் சுற்றி வெளிர்மணல் மேடுமேடாகக் குவிந்து கிடக்கிறது. இலங்கையில் பெயர்பெற்ற கடலோர மணல்மேடுகளில் இவையும் அடங்கும். பழைய அந்தோனியார் தேவாலயம் ஒன்றின் சுவர்கள் இங்கே மணலுக்குள் பாதி புதைந்து நிற்கின்றன. மணல் இடம்பெயரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் எல்லா மணலும் காற்றில் நகர்வதில்லை. கடல் கரையில் போடும் மணல் ஈரமாக இருக்கும்வரை துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும். வெயிலில் காய்ந்ததும் அந்தப் பிடி விடுகிறது. வினாடிக்கு 5 அல்லது 6 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் உலர்ந்த துகள்கள் துள்ளத் தொடங்குகின்றன. ஒரு துகள் எழும்பி, கொஞ்ச தூரம் பறந்து விழும்போது, விழுந்த இடத்தில் கிடந்த வேறு துகள்களையும் கிளப்பிவிடுகிறது. இப்படித் துள்ளித்துள்ளித்தான் மணல் பயணம் செய்கிறது. பெரும்பங்கு முழங்கால் உயரத்துக்குக் கீழேயே செல்வதால், பலமான காற்றில் நிற்பவருக்குக் கணுக்காலில் ஊசி குத்துவது போலிருக்கும். முகத்தில் அவ்வளவாகத் தெரியாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது சுமக்கும் மணல் ஏறத்தாழ எட்டு மடங்காகும். பாலைவன மணலை ஆராய்ந்த ரால்ஃப் பாக்னால்ட் 1941இல் வெளியிட்ட நூல் இந்தக் கணக்குகளுக்கு அடிப்படையாக அமைந்தது. மேட்டின் காற்றுப் பக்கம் மெல்லச் சரிந்திருக்கும். மறுபக்கத்தில் மணல் தானாகவே சரிந்து விழுவதால், அதன் சாய்வு 34 பாகையை ஒட்டி நின்றுவிடும்.

மணற்காட்டின் கரை வடகிழக்கைப் பார்த்தது. எனவே வடகிழக்கிலிருந்து அடிக்கும் வாடைக்காற்று கடலிலிருந்து மணலை உள்ளே தள்ளுகிறது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகம் அதைக் கடல் பக்கம் திருப்புகிறது. இந்த இரண்டு காற்றுகளுக்கும் நடுவே ஒரு மேடு நிலைத்து நிற்பது செடிகளால்தான்.

அவற்றில் முதலிடம் இராவணன் மீசைக்கு. விறைப்பான, நுனி கூரிய இலைகள் கொண்ட புல் இது. இதன் தண்டுகள் மணலின்மேல் பல மீட்டர் ஓடி, கணுவுக்குக் கணு வேர்விடும். தூர்களுக்கிடையில் காற்றின் வேகம் தணிவதால் துள்ளி வந்த மணல் அங்கேயே விழுகிறது. புதைந்துபோனால் வேறு செடி அழுகிவிடும். இந்தப் புல்லோ கணுக்களிலிருந்து புதுத்தளிர் விட்டு மேலே வரும். அப்போது மேலும் மணல் விழும், புல்லும் மேலும் உயரும். மேடு வளர்வது இப்படித்தான். இதில் ஆண், பெண் செடிகள் தனித்தனி. பெண் செடியின் கதிர்கள் முட்கள் நீட்டிய பெரிய உருண்டையாகத் திரண்டு, முதிர்ந்ததும் ஒடிந்து காற்றில் கரை நெடுக உருண்டோடும். எங்கே சிக்கி நிற்கிறதோ அங்கே மணல் சேர்கிறது, விதையும் முளைக்கிறது. கடற்கரைச் செடிகளில் இவ்வளவு கச்சிதமான ஏற்பாட்டைக் காண்பது அரிது.

அதற்குத் துணை அடம்பன் கொடி. ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த இலையும் ஊதா நிறப் பூவும் கொண்டது. இதன் விதைகள் கடலில் மிதந்து பரவுவதால் உலகின் வெப்பமண்டலக் கரைகள் எங்கும் இது இருக்கிறது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழி இந்தக் கொடியைத்தான் சொல்கிறது. சற்று உள்ளே, மணல் ஓய்ந்த இடங்களில், எருக்கலையும் தாழையும் பனையும் வருகின்றன. மணலைத் தடுக்க மனிதர் நட்ட சவுக்கும் உண்டு. சவுக்கு நிழல் தரும், காற்றையும் தடுக்கும். ஆனால் அதன் சருகு மெத்தையின் கீழ் வேறு செடி எளிதில் முளைக்காது. கடலை ஒட்டிய முன்வரிசையில் புல்லும் கொடியும் செய்யும் வேலையை மரம் செய்துவிட முடியாது.

மேட்டுக்குள் இன்னொரு செல்வமும் இருக்கிறது. மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீரைவிட எடை குறைவாக இருப்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்க இடமுண்டு. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. நிலத்தடி நீரை நம்பித்தான் வாழ்க்கை. மேட்டை அள்ளி லொறியில் ஏற்றினால் நன்னீரின் மட்டமும் தாழும். கிணற்றில் உவர் ஏறும்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மணற்காட்டுப் பக்கமுள்ள வடமராட்சி கிழக்கைக் கடுமையாகத் தாக்கியது. இலங்கையின் தென்கிழக்கே யால பகுதியில், கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக முன்னால் இருந்த மணல்மேட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்த விடுதி ஒன்று முற்றாக அழிந்ததை, அதன்பின் சென்ற ஆய்வுக் குழுவினர் பதிவு செய்தனர். மணலை வெறும் கட்டுமானப் பொருளாகப் பார்ப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

மணற்காட்டைப் பார்க்கச் செல்பவர்களுக்கு மழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் ஏற்றவை. காலையும் மாலையும் நடக்க நல்லது. நண்பகலில் உலர்மணலின் மேற்பரப்பு 50 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். நிழல் குறைவு, குடிநீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இராவணன் மீசை காலைக் குத்தும், எனவே செருப்பு அவசியம். மேட்டில் ஏறுவதானால் ஏற்கெனவே உள்ள ஒற்றையடித் தடத்தில் ஏறுவதே முறை. ஒரே இடத்தில் பலர் மிதித்துக் கொடி அறுந்தால் அங்கே மணல் வெறுமையாகும். காற்று அந்த இடத்தைப் பள்ளமாகக் குடைந்து, மேட்டையே இரண்டாகப் பிளந்துவிடும்.

குடைந்த பள்ளத்தை மூடவும் வழி உண்டு. காற்றுக்குக் குறுக்கே ஓலையாலும் கம்பாலும் தாழ்ந்த வேலி கட்டப்படுகிறது. வேலி முழுதும் அடைப்பாக இருக்கக்கூடாது. ஏறக்குறையப் பாதி திறப்பாக இருந்தால்தான் காற்று சுழன்று குடையாமல், வேகம் தணிந்து மணலை விடும். மணல் வேலியின் உயரத்துக்கு வந்ததும் அதன்மேல் அடுத்த வேலி. மாரி தொடங்கும்போது இராவணன் மீசையின் தண்டுகளையும் அடம்பன் துண்டுகளையும் அதில் நட்டால், ஈரம் இருக்கும்போதே அவை வேர்பிடித்துக்கொள்ளும்.