தண்டவாளமே கடலான கதை

மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு விசித்திர விஞ்ஞான நாவலைச் சொல்கிறேன். சைனா மியெவில் என்ற ஆங்கில எழுத்தாளரின் 'ரெயில்சீ' (2012). கடல் இருக்க வேண்டிய இடமெல்லாம் பின்னிக் கிடக்கும் தண்டவாளங்கள். மண்ணில் கால் வைத்தால் அடியிலுள்ள ஜந்துக்கள் தின்றுவிடும். மராமத்து இல்லாமல் பாதை எப்படித் தாங்கும் என்று என் ரயில்வே புத்தி கேட்டது. அதற்கும் பதில் உண்டு: பழுது பார்க்கும் இயந்திரங்களை அங்கே 'தேவதைகள்' என்று அஞ்சுகிறார்கள்!

நாயகன் ஷாம், வளர்த்தவர்கள் சொன்னதற்காக ரயில் டாக்டரிடம் வேலை பழகுகிறான், மனம் ஒட்டவில்லை. (நம் வீடுகளில் இல்லாததா?) விபத்துக்குள்ளான ரயிலொன்றில் அவனுக்குச் சில படங்கள் கிடைக்கின்றன. ஒன்றில், பின்னல் ஏதுமின்றி ஒற்றைப் பாதை மட்டும் தனியே ஓடுகிறது. அந்த உலகத்தில் நம்ப முடியாத காட்சி அது. அதைத் தேடிப் போவதுதான் மீதிக் கதை. நடை சற்றுக் கரடுமுரடு. முதல் சில அத்தியாயங்களுக்குப் பொறுமை வேண்டும்.